தரை தொடாத சக்கரம்

முப்பத்தொரு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை
இப்போது பிடித்திருப்பது
ரப்பர் உறை போட்ட ஒரு கம்பியை.
மகன் மணவாளன் சிங்கப்பூரிலிருந்து பணம் போட
காரைக்குடிக் கடைக்காரன் கண்டனூர் வரை வந்து
பூட்டிக் கொடுத்துவிட்டுப் போனான்.
வண்டிதான்.
ஒற்றைச் சக்கரம், அதுவும் தரையைத் தொடாது.

புரை எடுத்த கண்ணுக்கு மருந்து விட்டபடி
டாக்டரம்மா சொன்னார்:
"ஒரு மாசம் தூசி ஆகாது, காத்து ஆகாது,
கண்மாய்க் கரைப் பக்கமே போகக்கூடாது.
அடுத்த வாரத்திலேர்ந்து வீட்டுக்குள்ள மெதுவா மிதிங்க."
சர்க்கரையோ நட நட என்கிறது.
இரண்டுக்கும் நடுவில்
ஹாலில், காலண்டருக்கு எதிரே, நான்.

மிதித்தால் எண் ஓடுகிறது.
காரைக்குடி ஸ்டாண்டை விட்டு வெளியே வருகிறேன்.
ரெண்டு கிலோமீட்டரில்
கேட் மூடியிருக்குமே என்று கால் தானாக நிதானிக்கிறது.
கோட்டையூர். யாரோ இறங்கட்டும் என்று ஒரு நொடி.
பள்ளத்தூர் வளைவில்
ஹாரனைத் தேடிக் கட்டைவிரல் நகர்கிறது.
அடுப்படியிலிருந்து பஞ்சவர்ணம்,
"டிக்கெட் கிழிச்சாச்சா?"

இறங்கினால் அதே காலண்டர், அதே தேதி.
ஆத்தங்குடிக் கல்லில் சொட்டிய வேர்வை மட்டும்
நான் எங்கோ போய் வந்ததற்குச் சாட்சி.

குறை சொல்லவில்லை.
இங்கே நாய் துரத்தாது.
போன ஐப்பசியில் கரைச்சேற்றில் சறுக்கி
இடுப்பைப் பிடித்தபடி
ஆடு மேய்க்கிற பையன் வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.
அந்தப் பயம் இங்கே இல்லை.
ஃபேன் இருக்கிறது.
கக்கூஸ் பத்தடி தூரம்.
எழுபதுக்கு மேல் அதுவும் ஒரு கணக்கு.

ஆனால் கரையில் எனக்கு ஒரு டைமிங் உண்டு.
ஐந்தே முக்காலுக்கு மதகு.
சேலையும் கேன்வாஸ் ஷூவுமாய் எதிரே வருவார் உமையாள் ஆச்சி.
நின்று பேசியதே இல்லை.
கையைத் தூக்குவார். நானும் தூக்குவேன்,
எதிர் வண்டிக்காரனுக்கு டிரைவர் தூக்குகிற மாதிரி.
கமாலுதீன் ராவுத்தர் மூன்று சுற்று முடித்து
நாலாவதுக்குக் கூப்பிடுவார்.
நான் முழங்காலைக் காட்டுவேன்.
அவ்வளவுதான் பழக்கம்.
யார் வீடு எந்தத் தெருவென்று யாருக்கும் தெரியாது.

பத்தொன்பதாம் நாள்,
ஒரு கிலோமீட்டர்கூட ஆகவில்லை, கதவு தட்டுகிறது.
ராவுத்தர்.
இரண்டடி பின்னால் ஆச்சி, ஷூவில் கண்மாய்ச் சேறு.
"நாலு தெரு விசாரிச்சோம்.
டிரைவர் வீடுன்னா
ஆளுக்கொரு டிரைவரைக் காட்டுறாங்க."
ஆச்சி சைக்கிளைப் பார்த்தார், என் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார்.
அன்றுதான் அவர் குரலைக் கேட்டேன்:
"மதகுக்கிட்ட வந்தா கை தன்னால தூக்கிடுது.
பார்த்தா ஆளைக் காணோம்."
காபி வேண்டாம், சுற்று பாக்கி இருக்கிறது என்று
இருவரும் போய்விட்டார்கள்.

சாயங்காலம் வண்டியை வாசல்நிலைக்கு இழுத்தேன்.
சக்கரம் இருந்து என்ன, உருளாது.
மூன்று கல்லில் கீறல்.
பஞ்சவர்ணம் திட்டியதில் பாதி கல்லுக்கு, பாதி கண்ணுக்கு.
வெளியே போகவில்லையே, நிலைப்படிக்கு இந்தப் பக்கம்தானே
என்று நானும் சட்டம் பேசினேன்.

சூளை வேலை முடிந்து போகிற பெண்களில் ஒருத்தி கேட்டாள்:
"பள்ளத்தூர் போகுமாண்ணே?"
"போகாது தாயி. நிக்கும்."
அவர்கள் சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது.

திரும்பினால் பஞ்சவர்ணம்
சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்கிறாள்.
"இறங்குங்க."
நான் ஓட்டிய வண்டியில் அவள் ஏறியது
மொத்தம் நாலு தடவையோ, அஞ்சோ.
ஏறி உட்கார்ந்தாள். கால் எட்டவில்லை.
சீட்டை இறக்கிக் கொடுத்தேன்.
"எங்கே போகணும்?" என்றேன்.
"பேசாம இருங்க,
முதல்ல இந்தக் கேட்டைத் தாண்டிக்கறேன்."